தெயார் த ஷார்தன்: கல்லும் கடவுளும் கைவசம் இருந்தும் எங்கே தவறினார்?

கேள்வி (ஜூன் 1)

பிரெஞ்சுக் குருவும் புதைபடிவ ஆய்வாளருமான பியேர் தெயார் த ஷார்தனைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அவரை அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் பாலம் அமைத்தவர் என்கிறார்கள். இணையம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதைக் கண்டவர் என்றும் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. அவர் இரண்டையும் கெடுத்தவர். அறிவியல் சோதிக்க முடியாததையும் சமயம் ஏற்க முடியாததையும் குழைத்து, அழகான உரைநடையில் பரிமாறியவர். மறுப்பவர் இருந்தால் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 2

பாதியை மறுக்கிறேன். எந்தப் பாதி என்பது எழுதிக்கொண்டே போனால்தான் எனக்கே தெளிவாகும்.

முதலில் "பாலம்" என்ற சொல்லை விலக்கிவிடலாம். பாலம் நிற்க இரு கரைகளும் அதைத் தாங்க வேண்டும். தெயாரை எந்தக் கரையும் தாங்கவில்லை. 1881 மே 1 அன்று பிரான்சின் ஓவேர்ஞ் பகுதியில் பிறந்து, 1899இல் இயேசு சபையில் சேர்ந்து, 1911இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1922இல் ஈயோசீன் காலப் பாலூட்டிகளின் புதைபடிவங்களை ஆராய்ந்து சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றவர், தம் பெரிய நூல்களில் ஒன்றைக்கூட அச்சில் பார்க்காமல் 1955இல் மறைந்தார். துறைசார்ந்த ஆய்வுக் கட்டுரைகள் தடையின்றி வெளிவந்தன. மெய்யியல், இறையியல் எழுத்துகளுக்குத்தான் மேலிடம் இசைவு தரவில்லை.

அவர் இறந்த அதே ஆண்டின் இறுதியில் அவருடைய முதன்மை நூலான "மனித நிகழ்வு" பிரெஞ்சில் வெளிவந்தது. 1961இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார், அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு பெற்றவர், அதன் ஆங்கிலப் பதிப்புக்கு மதிப்புரை எழுதினார். பிறரை ஏமாற்றுவதற்கு முன் இவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள அரும்பாடு பட்டிருக்கிறார், நேர்மையற்றவர் என்ற பழியிலிருந்து இவரை விடுவிக்க அது ஒன்றே காரணம் என்பது அதன் சாரம். 1962 ஜூன் 30 அன்று வத்திக்கான், இவருடைய எழுத்துகளில் ஐயத்துக்குரியவையும் பிழைகளும் உள்ளன என்று எச்சரிக்கை வெளியிட்டது. ஓராண்டு இடைவெளியில் இரு கரைகளும் கையை விட்டன. இப்படிப்பட்ட ஒன்றைப் பாலம் என்று அழைப்பது, ஆற்றின் நடுவே நிற்கும் ஒற்றைத் தூணுக்குக் கொடுக்கும் மரியாதை.

நான் நிலவியல் படித்தவன். "மனித நிகழ்வு" நூலை இருபத்திரண்டு வயதில் பென்சிலோடு படித்து, ஓரங்களில் சண்டையிட்டு, முக்கால் பங்கில் மூடிவைத்தேன். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிரதியை முழுதாகப் படித்தேன். எனவே இங்கே நான் தெயாரோடு மட்டுமல்ல, அந்தப் பென்சில்காரனோடும் வாதிட வேண்டியிருக்கிறது.

ஜூன் 3

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வேண்டிய இடம் குழந்தைப் பருவம். பதினொரு குழந்தைகளில் நான்காமவர். தந்தை கற்களையும் பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்தவர். ஒரு நாள் தாய் முடி வெட்டிவிட்டபோது நெருப்பில் பட்ட மயிர்க்கற்றை நொடியில் கருகிப்போனதைப் பார்த்த சிறுவன், அழியாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினான். இரும்பைத் தேர்ந்தான். கலப்பையின் ஓர் உறுப்பு, வெடித்த குண்டின் சில்லுகள் என்று இரும்புத் துண்டுகளைச் சேர்த்து, யாரும் அறியாமல் அவற்றைத் தெய்வமாக வைத்திருந்தான். பிறகு இரும்பும் கீறுபடும், துருப்பிடிக்கும் என்று கண்டு புல்தரையில் விழுந்து அழுதான். அதற்குப் பின்தான் கல்லுக்குத் திரும்பினான். இதையெல்லாம் அவரே 1950இல், அறுபத்தொன்பதாம் வயதில், தன்வரலாறாக எழுதிய கட்டுரையில் சொல்கிறார்.

குழந்தைப் பருவக் கதைகளை முதுமையில் எழுதுவோர் அவற்றைச் சற்றுச் சீவிச் செதுக்குவது வழக்கம். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. துருப்பிடிக்காத பொருளைத் தேடி அவர் இரும்பிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து பாறை அடுக்குக்கும், அடுக்கிலிருந்து மொத்த உயிர்வரலாற்றுக்கும், இறுதியில் அந்த வரலாறு செல்லும் திசைக்கும் நகர்ந்தார். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரியதும் தொட முடியாததுமான ஒன்றைப் பற்றிக்கொண்டார்.

ஜூன் 4

உயிர் படிப்படியாக ஏறுகிறது என்னும் தெயாரின் கருத்து நம்மிடம் ஏற்கெனவே உள்ளதுதானே, சிவபுராணத்தில் புல்லாகிப் பூடாய் என்று வருகிறதே என ஒருவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்தேன்.

வரி இருக்கிறது, ஆனால் அது வேறு திசையைப் பார்க்கிறது. அங்கே ஓர் உயிர் எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்துப்போய், இந்தச் சுற்றிலிருந்து தன்னை இறக்கிவிடு என்று கேட்கிறது. தெயாரிடம் இளைப்பு இல்லை; ஏறுவதற்கு இன்னும் படி உண்டா என்ற ஆவலே இருக்கிறது. ஏறுவதும் தனி உயிர் அன்று, உயிர்க்குலம் முழுவதும்.

ஒப்பிட வேண்டுமென்றால் தொல்காப்பிய மரபியல் இன்னும் நெருக்கமானது. புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மாவும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு என்ற அந்த வரிசையைத் தெயாரின் மையக் கொள்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருப்பொருளின் அமைப்பு சிக்கலாகச் சிக்கலாக அதன் உள்ளிருக்கும் பிரக்ஞையும் ஆழமாகிறது என்கிறார் அவர். அணு, மூலக்கூறு, உயிரணு, நரம்பு மண்டலம், மூளை, தன்னை அறியும் மனம் என்று அவருடைய படிகள் போகின்றன. தொல்காப்பியர் ஏணியை நிறுத்திக் காட்டுகிறார், அதில் எவரும் ஏறுவதாகச் சொல்லவில்லை. தெயார் அந்த ஏணிக்குக் காலத்தைப் பூட்டுகிறார். இது சிறிய வேறுபாடு அன்று. வகைப்பாட்டை மறுக்க இன்னொரு வகைப்பாடு போதும். வரலாற்றை மறுக்க அடுக்கடுக்காகப் புதைபடிவம் வேண்டும்.

உண்மையான இணை புதுச்சேரியில்தான் இருந்தது. அரவிந்தர் 1914 முதல் தம் இதழில் மனிதனுக்கு அப்பாலான பரிணாமத்தைத் தொடராக எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெயார் போர்முனையில் தம் முதல் கட்டுரையை எழுதினார். ஒருவர் வேதாந்தத்திலிருந்து பரிணாமத்துக்கு வந்தார். மற்றவர் பாறையிலிருந்து வந்தார். இந்த ஒப்பீட்டில் தனியாக ஒரு விவாதமே நடத்தலாம், இங்கே வேண்டாம்.

ஜூன் 6

பில்ட்டவுன் புதைபடிவ மோசடியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள் என்பதால் அதை இன்றே எழுதிவிடுகிறேன்.

1908 முதல் 1912 வரை இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் இறையியல் படித்தபோது, கல் பொறுக்கும் பழக்கத்தால் சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞரோடு அவருக்கு அறிமுகம் ஏற்பட்டது. டாசன் பில்ட்டவுன் சரளைப் படிவில் மனித மண்டையோட்டின் துண்டுகளையும் குரங்குத் தாடையையும் "கண்டெடுத்தார்". புதைபடிவ அறிஞர் ஸ்மித் உட்வர்ட் அவற்றை இணைத்து ஒரு முழுத் தலையை உருவாக்கி, காணாமற்போன கோரைப்பல் இப்படித்தான் இருக்கும் என்று மாதிரியும் செய்தார். 1913 ஆகஸ்ட் 30 அன்று அந்தச் சரளைக் குவியலிலிருந்து, ஏறக்குறைய அதே வடிவில், அந்தக் கோரைப்பல்லை எடுத்துக்கொடுத்தவர் தெயார்.

1953இல் எல்லாம் மோசடி என்று வெளிப்பட்டது. பற்கள் அராவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டவை. 1980இல் புதைபடிவ அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்ட், தெயாருக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று எழுதினார். 2016இல் வெளிவந்த ஆய்வு, தாடையும் பற்களும் ஒரே ஓராங்குட்டானுடையவையாக இருக்கலாம் என்றும், செய்முறை முழுவதும் ஒரே கையைக் காட்டுகிறது என்றும், அந்தக் கை டாசனுடையது என்றும் முடிவு கூறியது. தெயார் ஏமாற்றியவர் அல்லர், ஏமாந்தவர் என்றே நானும் கருதுகிறேன்.

ஆனால் ஏமாந்த விதம்தான் எனக்கு முக்கியம். மாணவனாக இருந்தபோது ஓர் அடுக்கிலிருந்து தேய்ந்த பல் துண்டு ஒன்றை எடுத்தேன். அந்த அடுக்கில் எந்த விலங்கு கிடைக்க வேண்டும் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். நான் தயங்காமல் அந்த விலங்கின் பெயரை எழுதிச் சீட்டை ஒட்டினேன். மூன்று வாரங்கள் கழித்து வேறொருவர் உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, அது பல்லே இல்லை, உருண்டு தேய்ந்த எலும்பு முனை என்றார். பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. எதிர்பார்த்தது கையில் கிடைக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி, சரிபார்க்கும் உறுப்பை உறங்கவைத்துவிடுகிறது.

தெயாரின் பிற்காலக் கொள்கை முழுவதும் இப்படி எதிர்பார்த்த இடத்தில் கிடைத்த கோரைப்பல்தானா? பென்சில்காரன் ஆம் என்பான். நான் இன்னும் தலையசைக்கவில்லை.

ஜூன் 7

சிறு திருத்தம். நேற்று நள்ளிரவில் எழுதி அழித்த ஒரு பத்தியில் "அறிவுக்கோளம் என்ற சொல்லைப் படைத்தவர்" என்று அவரைக் குறித்திருந்தேன். அழித்தது நல்லதாயிற்று. பூமியைச் சூழ்ந்த பாறைக்கோளம், உயிர்க்கோளம் ஆகியவற்றுக்கு மேல் சிந்தனையால் ஆன இன்னொரு கோளம் உருவாகிறது என்ற கருத்து, 1920களின் பாரிசில் தெயார், கணிதம் கற்ற மெய்யியலாளர் எதுவார் லெ ருவா, அங்கே விரிவுரையாற்ற வந்திருந்த ரஷ்யப் புவிவேதியியலாளர் விளாதிமிர் வெர்னாத்ஸ்கி ஆகிய மூவரின் உரையாடலில் உருவானது. வெர்னாத்ஸ்கியிடம் கடவுள் இல்லாமலே அது நிற்கிறது. தெயாரின் தனிச்சொத்து ஒமேகாப் புள்ளி: எல்லாப் பிரக்ஞையும் குவியும் முடிவிடம், அவருக்கு அது கிறிஸ்துவே.

ஜூன் 9

இன்று நீளமாக எழுதப்போகிறேன். ஏனெனில் கேள்வி கேட்டவர் இந்தப் பகுதியைத் தொடவே இல்லை.

முதல் உலகப்போரில் இவர் படைக்குருவாக அல்லாமல், காயம்பட்டோரைத் தூக்கிச் செல்லும் டோலிக்காரராக, வட ஆப்பிரிக்கப் படைப்பிரிவு ஒன்றோடு போர்முனையில் இருந்தார். ஈப்ரும் வெர்தனும் அவர் பார்த்த களங்கள். வீரப்பதக்கமும் லெஜியோன் தொனர் விருதும் கிடைத்தன. உடன்பிறந்தவர்களில் கோன்ஸாக், ஒலிவியே என இருவரை அந்தப் போர் கொண்டுபோயிற்று. இரு தாக்குதல்களுக்கு இடையே கிடைத்த ஓய்வு நாட்களில் பள்ளிக் குறிப்பேடுகளில் கட்டுரைகள் எழுதினார். பிற்காலத்தில் அவர் விரித்த கருத்துகளின் முளைகள் அவற்றில் உள்ளன.

1923இல் முதன்முறை சீனா சென்றார். தியான்ஜினில் அருங்காட்சியகம் நடத்திய எமில் லிசான் என்ற சக குருவோடு ஓர்தோஸ் பாலைநிலத்தில் நடத்திய ஆய்வில், அப்பகுதியில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்ததற்கான கருவிகள் கிடைத்தன. அந்தப் பயணத்தில் ஒரு நாள் திருப்பலி நிறைவேற்ற அப்பமோ இரசமோ பலிபீடமோ இல்லை. போர்முனையில், பிரான்சின் ஏன் (Aisne) என்னும் ஆற்றின் கரைக் காடுகளிலும் இதே நிலை முன்பு வந்திருந்தது. ஆகவே பூமி முழுவதையும் பலிபீடமாகக் கொண்டு, அன்றைய நாளில் உலகம் செய்யும் உழைப்பை அப்பமாகவும் அது படும் துன்பத்தை இரசமாகவும் ஒப்புக்கொடுத்து எழுதினார். "உலகின் மீதான திருப்பலி" என்பது அதன் தலைப்பு. ஒரு நூற்றாண்டு கழித்து, 2023 செப்டம்பரில், மங்கோலியாவில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ் அந்த வேண்டுதலை நினைவுகூர்ந்தார். 1962 எச்சரிக்கை அதனால் நீங்கிவிடவில்லை.

களப்பணி செய்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஒரு குணம் புரியும். பகல் முழுவதும் குனிந்து ஓர் அடுக்கைச் சுரண்டியவன் மாலையில் நிமிரும்போது, கண் முன் உள்ள நிலம் வெறும் காட்சியாகத் தெரியாது. அதன் கீழே உள்ள கனம் தெரியும். பக்தி எனக்குக் கிடையாது; அந்தக் கனம் எனக்கும் தெரிந்திருக்கிறது. தெயாரிடம் அறிவியலையும் ஆன்மிகத்தையும் "கலந்தார்" என்று சொல்வது இங்கே பொருந்தவில்லை. கலப்பதற்கு முதலில் இரண்டு தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும்.

பீக்கிங் மனிதன் எனப்படும் தொல்மனிதப் புதைபடிவத்தை இவர் கண்டுபிடித்ததாகப் பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. 1929 டிசம்பர் 2 அன்று சோவ்கௌதியன் குகைப் படிவிலிருந்து முதல் மண்டையோட்டை எடுத்தவர் பெய் வென்சோங் என்ற இளம் சீன ஆய்வாளர். தெயாரின் வேலை அடுக்குகளைப் பிரித்து வயது கூறுவதும், உடன் கிடைத்த விலங்கெலும்புகளையும் கற்கருவிகளையும் படிப்பதும். சலிப்பான, பெயர் கிடைக்காத, ஆனால் அது இல்லாமல் மண்டையோடு வெறும் எலும்பாகிவிடும் வேலை. அதை அவர் ஒழுங்காகச் செய்தார். 1935இல் இந்தியாவுக்கு வந்து நிலவியலாளர் ஹெல்முட் த தெராவோடு சோவான், நருமதைப் பள்ளத்தாக்குகளில் பார்த்ததும் இதே வகை வேலைதான்.

ஜூன் 10

"அவர் நாடு கடத்தப்பட்டார்" என்று சிலர் எழுதுவதைப் பற்றி. முதல் பயணம் அவர் விரும்பிச் சென்றது. இரண்டாவது, 1926இல், அப்படி அன்று. ஜென்மப் பாவத்தைப் பரிணாமத்தோடு எப்படிப் பொருத்தலாம் என்று 1922இல் தனிப்பட்ட முறையில் எழுதிய குறிப்பு ஒன்று எப்படியோ ரோமாபுரிக்குச் சென்றது. 1925இல் அவர் முன் வைக்கப்பட்ட ஆறு கூற்றுகளில் கையொப்பமிட்டார், பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் கற்பிக்கும் பணி பறிபோயிற்று, சீனாவுக்குத் திரும்பினார். 1948இல் நேரில் ரோமாபுரிக்குச் சென்று, கொலேஜ் த பிரான்சின் பேராசிரியர் பதவியை ஏற்கவும் "மனித நிகழ்வு" நூலை வெளியிடவும் இசைவு கேட்டார். இரண்டும் மறுக்கப்பட்டன. 

ஏன் விலகவில்லை என்று பென்சில்காரன் ஓரத்தில் எழுதியிருக்கிறான், அதுவும் "கோழை" என்ற சொல்லோடு. அந்தச் சொல்லை எழுதியபோது அவன் எதிலும் கையொப்பமிட்டிருக்கவில்லை. பின்னாளில் நான் பணிசெய்த ஓர் அலுவலகத்தில், என் ஆய்வறிக்கையின் முடிவுரையை மேலதிகாரி மாற்றிய பிறகு அதில் என் பெயரை இட்டேன். வீட்டுக் கடன் இருந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு மெய்யியல் இல்லை. தெயாரிடம் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு இருந்தது. தாம் விலகினால் தம் கருத்து முழுவதும் ஒரு விலகியவனின் கசப்பாகப் படிக்கப்படும் என்ற கணக்கும் இருந்திருக்கலாம்.

அவர் முற்றாக அடங்கியவரும் அல்லர். தட்டச்சுப் பிரதிகள் நண்பர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தன. 1951இல், நியூயார்க்கில் குடியேறிய ஆண்டில், தம் கையெழுத்துப் படிகள் அனைத்தையும் சபைக்கு வெளியே இருந்த தம் செயலர் ஜான் மோர்த்தியேவிடம் உரிமையாக எழுதிவைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே, தமக்குப் பின் கதவு திறக்கும்படி சாவியை வெளியே வைத்துவிட்டுப் போன மனிதர்.

ஜூன் 11

"நாம் ஆன்மிக அனுபவம் பெறும் மனிதர்கள் அல்லோம்" என்று தொடங்கும், அவர் சொன்னதாகப் பரவும் அந்த வாசகத்தை இங்கே யாரும் ஒட்ட வேண்டாம். அவர் நூல்களில் இடம் காட்டி அதை எடுத்துத் தந்தவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஜூன் 14

இப்போது கேள்வி கேட்டவரோடு உடன்படும் பகுதி.

இணையத்தை முன்கண்டார் என்பதற்குச் சான்றாக அறிவுக்கோளத்தின் உருவாக்கம் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுவார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் மனிதர்களைப் பொதுப் பிரக்ஞையில் இணைக்கின்றன என்றும், மின்னணுக் கணிப்பொறிகள் மூளையின் வேகத்தைக் கூட்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் எனியாக் கணிப்பொறி 1946 பிப்ரவரியிலேயே பொதுமக்களுக்குக் காட்டப்பட்டுவிட்டது. செய்தியைக் கூர்ந்து படித்து அதை நீட்டியவர் என்று அவரைப் பாராட்டலாம். தீர்க்கதரிசி என்றால் மிகை. இணையும் மனங்கள் அன்பில் இணையும் என்று அவர் நம்பினார். இணைந்த மனங்கள் ஒன்றையொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

இன்னும் கடுமையானது 1946இல் அணுகுண்டின் ஆன்மிக விளைவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை. முதல் சோதனை வெடிப்பின் ஒளியிலிருந்து அது தொடங்குகிறது. அதை அரிசோனாவில் நடந்ததாக எழுதியிருக்கிறார். நடந்தது நியூ மெக்சிகோவில். அந்தப் பிழை கிடக்கட்டும். அத்தனை அறிவியலாளர்கள் ஒரே நோக்கத்தில் ஒன்றுசேர்ந்த கூட்டு முயற்சியில் மனிதகுலம் தன் புதிய ஆற்றலை உணர்ந்தது என்பதே அவருக்குச் செய்தி. எரிந்த நகரங்கள் அவர் பார்வையின் மையத்தில் இல்லை. நான்கு ஆண்டுகள் கிழிந்த உடல்களைத் தூக்கிச் சுமந்த மனிதர் இவர். உடல்கள் எங்கே என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவர்.

அதுபோலவே, இனங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு உண்டு என்ற தொனியிலும், மனித இனத்தைத் தேர்ந்து மேம்படுத்துவதை ஆதரிக்கும் தொனியிலும் அவர் எழுதிய பகுதிகள் உள்ளன. காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கவைக்க எனக்கு மனமில்லை. எல்லோரும் ஒரு புள்ளியில் கூடுவார்கள் என்று சொன்னவர், வரிசையில் யார் முன்னால் நிற்பார்கள் என்றும் யோசித்திருக்கிறார்.

ஆகவே இன்றைக்கு என் கணக்கு இதுதான். அடுக்கு முன்னால் இருக்கும்போது தெயார் நம்பகமானவர். ஏனெனில் அடுக்கு "இல்லை" என்று சொல்ல முடியும். எதிர்காலம் "இல்லை" என்று சொல்லாது. அறிவியலாளரும் ஞானியும் அல்ல, எதிர்காலம் உரைத்தவரே தடம் புரண்டவர்.

ஜூன் 15

நேற்றைய முடிவு கைக்கு மிக எளிதாக வந்துவிட்டது. இரவு முழுவதும் அது உறுத்தியது.

1917இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே போர்முனைக்கான ஏக்கம். முன்வரிசையில் நின்றபோது தன் சிறிய வாழ்வைவிடப் பெரிய ஒன்றின் அலகாகத் தம்மை உணர்ந்ததாகவும், பின்வாங்கி ஓய்விடத்துக்கு வந்தால் அந்த உணர்வு மங்குவதாகவும் எழுதுகிறார். அதாவது, உடல்களைச் சுமந்துகொண்டிருந்தபோதே அவர் கண் அவற்றைத் தாண்டி முழுமையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1946இல் புதிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஓர்தோஸில் எனக்குப் பிடித்த அதே பார்வைதான் அணுகுண்டில் எனக்குப் பிடிக்காததும். பகுதியில் முழுமையைக் காணும் கண் ஒன்றுதான். கல்லைப் பார்த்தபோது அது வணக்கமாயிற்று, எரிந்த நகரத்துக்கு மேலே பார்த்தபோது கல்நெஞ்சமாயிற்று. நேற்று நான் போட்ட கோடு அழிகிறது.

அறிவியலாளரைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. பரிணாமத்துக்கு உள்ளிருந்து உந்தும் திசை ஒன்று உண்டு என்ற கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அவர் வாழ்நாளிலேயே உயிரியலாளர் பெரும்பாலோர் இயற்கைத் தேர்வையும் மரபியலையும் இணைத்து, அத்தகைய உந்துதல் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். வழக்கமான ஆற்றலைத் தொடுகோட்டு ஆற்றல் என்றும், சிக்கலை நோக்கி இழுக்கும் உள்ளாற்றலை ஆரை ஆற்றல் என்றும் பிரித்தார். ஆரை ஆற்றலுக்கு அளவுகோல் இல்லை, அலகு இல்லை, அது இல்லாதிருந்தால் உலகில் எது வேறாக இருக்கும் என்று சொல்லும் வழியும் இல்லை. மெடவாரின் தொனி எனக்கு ஒவ்வாது. இந்த இடத்தில் அவர் சொன்னது சரி. ஆனாலும் தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி, அந்த இணைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், தெயாரை மதித்தார் என்பதையும் மறைக்க முடியவில்லை. தெயாரின் எழுத்தை அவர் நிரூபிக்கப்பட்ட கோட்பாடாக அல்ல, ஒரு விசுவாசியின் முழுப் பார்வையாகப் படித்தார்.

ஜூன் 21

ஒரு வாரம் எழுதவில்லை. "தெய்வீகச் சூழல்" நூலை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்; 1926, 27 ஆண்டுகளில், பணி பறிக்கப்பட்டுச் சீனாவுக்குத் திரும்பிய சூட்டோடு எழுதியது.

அதில் மனித வாழ்வை நாம் செய்பவை, நமக்கு நேர்பவை என்று பிரிக்கிறார். நேர்பவற்றுள் நம்மைக் குறைப்பவை தனி: நோய், முதுமை, நினைவிழப்பு, இறப்பு. அவற்றை எதிர்த்துப் போராடு, எல்லா வலிமையோடும் போராடு என்கிறார் முதலில். தோற்ற பிறகுதான் அடுத்த பேச்சு: குடைந்து வெறுமையாக்கப்படும் இடத்தில்தான் வேறொன்று நுழைய வழி கிடைக்கிறது.

என் தந்தை கடைசி நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு சொல்லாக இழந்தார். முதலில் பெயர்கள், பிறகு வினைகள். பதினெட்டு ஆண்டு கழித்துத் தெயாரைத் திறந்தது அப்போதுதான். பிரக்ஞை ஏறிக்கொண்டே போகிறது என்னும் "மனித நிகழ்வு" அந்த அறையில் எனக்குச் சற்றும் உதவவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சலூட்டியது. கண்ணெதிரே ஒரு பிரக்ஞை இறங்கிக்கொண்டிருந்தது. "தெய்வீகச் சூழல்" அப்படிச் செய்யவில்லை. அதில் ஒரு கடவுளையும் நான் ஏற்கவில்லை, ஆயினும் மருத்துவரை மாற்றவும் மருந்துக்கு அலையவும் வேண்டிய காலம் எது, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டிய காலம் எது என்ற வரிசை அதில் இருந்தது.

இரும்பு துருப்பிடித்ததைக் கண்டு அழுத சிறுவன் இந்த நூலில்தான் இருக்கிறான். "மனித நிகழ்வு" துருவே பிடிக்காத இரும்பை வாக்களிக்கிறது. இங்கே அவர் துருவைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, எந்தப் பாதி என்று இன்னும் சொல்லவில்லையே என்கிறார்.

அறிவியலைக் கெடுத்தார் என்பதை மறுக்கிறேன். அடுக்குகளும் எலும்புகளும் பற்றிய அவருடைய ஆய்வுகளில் ஒமேகா தலைகாட்டவில்லை. சமயத்தைக் கெடுத்தாரா என்பது அந்தச் சமயத்தினர் தீர்க்க வேண்டியது. அவர்களே இன்னும் தீர்க்கவில்லை. பரிணாமம் செல்லும் இடத்தை அறிந்தவர்போல எழுதியதை மறுக்க மாட்டேன். ஜூன் 14 அன்று அதை எதிர்காலம் உரைத்தவரின் குற்றமாக மட்டும் ஒதுக்கினேன், ஜூன் 15 அன்று அது மொத்தக் கண்ணின் குணம் என்றேன். இப்போதும் பின்னதில்தான் நிற்கிறேன்.

அவர் 1955 ஏப்ரல் 10 அன்று, உயிர்ப்பு ஞாயிறன்று, நியூயார்க்கில் இறந்தார். ஹட்சன் ஆற்றங்கரையில் இயேசு சபையின் நவதுறவகக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு சபை அந்த இடத்தை விற்றுவிட்டது. இப்போது அது சமையற்கலைக் கல்லூரி. அப்பமும் இரசமும் இல்லாமல் திருப்பலி நிறைவேற்றியவர், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ரொட்டி சுடப் பழகும் வளாகத்தில் படுத்திருக்கிறார்.

புதிதாகப் படிக்க விரும்புவோர் "மனித நிகழ்வு" நூலிலிருந்து தொடங்க வேண்டாம். போர்முனையிலிருந்து அவர் தம் ஒன்றுவிட்ட சகோதரிக்கு எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து தொடங்கி, "தெய்வீகச் சூழல்" வழியாக வாருங்கள். பெரிய நூலுக்கு வரும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். என் பிரதியில் "கோழை" என்ற சொல்லை அழிக்க முயன்றேன். தாள் பழையது, கிழிந்துவிடும்போல் இருந்ததால் விட்டுவிட்டேன்.